சொன்னதைத்தான் கேட்பார்கள்

'தந்தி' என்ற பெயர் அவளுக்கு முதலாண்டு வாய்மொழித் தேர்வில் கிடைத்தது. மேசைமேல் ஓர் எலும்பை வைத்துக்கொண்டு பேராசிரியை பன்னிரண்டு கேள்வி கேட்டார். இவள் பன்னிரண்டே வார்த்தையில் பதிலை முடித்துக்கொண்டாள். பயம் வந்தால் அவளுக்கு வாக்கியம் வராது, வார்த்தைதான் வரும். அதிலும் பாதி தொண்டையிலேயே தங்கிவிடும்.

“ஏம்மா, நீ பதில் சொல்றியா, தந்தி அடிக்கிறியா?”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அன்று ஒட்டிய பெயர் ஆறு வருடமாகியும் உரியவில்லை.

ஐந்து வருடத்தோடு கல்லூரியை விட்டுப் போயிருக்க வேண்டிய பெயர் அது. போன வருடம் இறுதித் தேர்வில், பொது மருத்துவம் செய்முறையில், அவள் விழுந்துவிட்டாள். எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே நான்காவது. ஆனால் நோயாளியின் கட்டிலருகே நின்று இரண்டு பரீட்சகர்கள் முன்னால் வாயைத் திறந்ததும் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மூன்று நிமிடம் பேச வேண்டியதை முப்பது வினாடியில் பேசி நிறுத்திவிட்டாள்.

“அவ்வளவுதானா?” என்றார் பரீட்சகர்.

“அவ்வளவுதான் சார்” என்றாள்.

அவ்வளவுதான்.

கூடப் படித்தவர்கள் எல்லாம் பயிற்சி மருத்துவர்களாகி, கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு வார்டு வார்டாக ஓடிக்கொண்டிருந்தார்கள். தந்தி மட்டும் அதே வகுப்பறையில், அதே ஆடும் பெஞ்சில், அடுத்த செட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். “அக்கா, இங்க உக்காரலாமா அக்கா?” என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். அந்த மரியாதை ஒவ்வொரு நாளும் ஊசியாகக் குத்தியது.

இந்தத் தடவையும் போனால் இறுதியாண்டுப் பாடம் அத்தனையையும் முதலிலிருந்து படித்து எழுத வேண்டும். அது கல்லூரி விதி. அம்மா ஓர் அச்சகத்தில் புத்தகம் தைக்கிறவள். ‘என் பொண்ணு டாக்டராகப் போறா’ என்று அச்சகம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். மகள் தோற்ற பிறகு, யாரும் விசாரித்துவிடக் கூடாதென்று பின்வாசல் வழியாக வேலைக்குப் போய் வந்தாள். மகளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஒரே ஒரு நாள், தொலைபேசியை வைக்கப் போகும்போது, “இன்னும் எத்தனை நாள்மா?” என்று மட்டும் கேட்டாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை, விடுதி மாடியில் துணி எடுக்கப் போன தந்தியைச் சோடாபுட்டி பிடித்துக்கொண்டாள். கண்ணாடி தடிமனில் வந்த பெயர். பழைய வகுப்புத் தோழி, இப்போது பயிற்சி மருத்துவர், இன்னமும் இவளுடைய அறைத்தோழி.

“துணி கிடக்குது விடு. நான் சொல்றத கேளு. நாளைக்கு உனக்கு ஒரு நோயாளி. ஒரு மணி நேரம். அப்புறம் சீஃபும் வெளியூர்ப் பரீட்சகரும் வருவாங்க. என்ன கேப்பாங்க?”

“எல்லாம்.”

“பாத்தியா, ஆரம்பிச்சுட்டே தந்தி. எல்லாம் கேக்க மாட்டாங்கடி. நீ என்ன சொல்றியோ அதுலேருந்துதான் கேப்பாங்க. நெஞ்சுன்னு சொன்னா நெஞ்சுல கேள்வி. தலைவலின்னு ஒரு வார்த்தை விட்டேன்னு வெச்சுக்க, மூளை நரம்பு பன்னிரண்டையும் வரிசையா சொல்லுன்னு உன்னை உரிச்சுத் தொங்கவிட்டுருவாங்க. போன வருஷம் நம்ம செட்டு நெட்டையன் எப்படி விழுந்தான்? நுரையீரல் கேஸ்ல போய், ‘கால்ல லேசா மதமதப்பு’ன்னு தேவையில்லாம ஒரு வார்த்தை. போச்சு. சொன்னதைத்தான் கேப்பாங்க. அதனால தெரிஞ்சதை மட்டும் சொல்லு.”

“நோயாளி சொன்னா?”

“நோயாளி ஆயிரம் சொல்லுவாங்க. முதுகு வலிம்பாங்க, மாமியார் சரியில்லைம்பாங்க. எல்லாத்தையும் எழுதுவியா?” சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். “பேசாம பாஸக்கா கிடைக்கணும்னு வேண்டிக்க.”

பாஸக்காவைத் தெரியாத மாணவர் அந்தக் கல்லூரியில் கிடையாது. ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் இஸ்திரி போடுகிறவள். வயது முப்பத்தெட்டு. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல், போகும்போது அவளுடைய இதயத்தின் கதவு ஒன்றைக் குறுக்கிவிட்டுப் போயிருந்தது. அந்தக் குறுகலில் ரத்தம் பாயும் சத்தம் பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே இருக்கும். காது மந்தமான மாணவனுக்குக்கூடக் கேட்கும். அதனால் எட்டு வருடமாக ஒவ்வொரு தேர்வுக்கும் அவளை அழைத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். தேர்வில் அவள் யாருக்குக் கிடைத்தாளோ அவர் பாஸ். ஆகவே பாஸக்கா.

அவளுக்கு அதில் பெருமை. “என் நெஞ்சைக் கேட்டுத்தான் இந்த ஊர்ல பாதிப் பேர் டாக்டரானாங்க” என்பாள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் தாவும் என்பதையும், அதனால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்பதையும் ஆங்கிலப் பெயரோடு ஒப்பிப்பாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணிக்குச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். தந்திக்கு ஏழு விழுந்தது. ஏழாம் எண் கட்டிலின் தடுப்புத் துணியை விலக்கினாள்.

“வா கண்ணு. ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? உள்ள வா, துணியை இழுத்து விடு.”

பாஸக்கா! தந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகை வரும் போலிருந்தது.

“அக்கா… போன தடவை ஃபெயில்” என்றாள். அந்த நிலையிலும் நாலு வார்த்தைதான் மிஞ்சியது.

“தெரியும். உன்னைப் பத்திச் சொன்னாங்க. தந்தியாமே நீ? இன்னிக்கு அடிக்காதே. கடிதாசி மாதிரி பேசணும், புரியுதா? நான் சொல்றதை எழுதிக்க.”

பாஸக்கா சொல்லச் சொல்ல தந்தி எழுதினாள். எத்தனை வயதில் காய்ச்சல், எந்த மாடிப்படியில் மூச்சு வாங்கும், எத்தனை தலையணை வைத்தால் தூக்கம் வரும், எல்லாம் வரிசையாக வந்தன. நெஞ்சில் குழாயை வைக்கப் போனபோது, கேட்பதற்கு முன்பே இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். “இப்பத்தான் நல்லாக் கேக்கும். மூச்சை வெளிய விட்டு நிறுத்தணும்ல?” என்று தானே நிறுத்தினாள். குழாயின் வழியாக அந்தச் சத்தம் வந்தது. தூரத்தில் மரப்பாலத்தின்மேல் வண்டி உருளுவது போல. தந்தி வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நோயைத் தன் காதாலேயே கண்டுபிடித்தாள்.

இன்னும் இருபது நிமிடம் பாக்கி இருந்தது.

“கண்ணு, இன்னொண்ணு” என்றாள் பாஸக்கா, குரலைத் தாழ்த்தி. “இது உனக்காக இல்ல. எனக்காகக் கேட்டுக்கணும். காலைல தலை வாரிக்கிட்டு இருந்தேனா, சீப்பு கையில நிக்கல. நழுவி நழுவி விழுது. வலது கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆயிடுச்சு. பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடலாம்னு வாயைத் திறந்தா வார்த்தை கோணக்கோணலா வருது. அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி சரியாப் போச்சு. பஸ் ஏறி வந்துட்டேன். வீட்டுக்காரர் அதுக்கு முன்னாடியே வேனை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு, அவருக்குத் தெரியாது.”

தந்தி அதையும் எழுதினாள்.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா அக்கா?”

“அதையும் சொல்லணும். பல்லு புடுங்கினேன்ல, அதுக்காக நாலு நாள் நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்தினது நிறுத்தினதுதான். கம்பெனியில ஓவர்டைம், ஞாபகமே இல்ல. பதினோரு நாள் ஆச்சு. இன்னிக்குக் கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்னு பையில போட்டு எடுத்து வந்தேன்.” பையைத் திறந்து பிரிக்காத மாத்திரை அட்டையைக் காட்டினாள்.

தந்திக்கு அது என்னவென்று தெரியும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், பக்கத்தின் எந்த மூலை என்பதுகூடத் தெரியும். இதயத்திலிருந்து ஒரு சின்ன ரத்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய், அடைத்து, தானாகவே கரைந்திருக்கிறது. அடுத்தது கரையாமல் போகலாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

அவள் பென்சிலைக் கடித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பாஸக்காவுக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருடத் தேர்வு அனுபவம்!

“ஐயோ, இதைப் போய் எழுதிட்டியா? அழி, அழி. கை விழுந்துச்சுன்னு சொன்னேன்னு வை, உன்னை நரம்புக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. போன வருஷம் ஒரு பையன் இப்படித்தான் திருதிருன்னு முழிச்சான். முதல்ல நீ பாஸ் ஆகு. அப்புறம் நீயே என்னை எங்கயாவது கூட்டிட்டுப் போய்க் காட்டு, போதும்.”

அம்மா பின்வாசலில் நுழைவது கண்முன் வந்தது. ஆடும் பெஞ்சு வந்தது. தந்தி ரப்பரை எடுத்தாள். மூன்று வரி. அழித்த தூளை ஊதினாள். ‘மாத்திரை’ என்ற இடத்தில் ‘தவறாமல்’ என்று எழுதினாள்.

சீஃப் வந்தார். துறைத் தலைவரை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். உயரமான மனிதர். சிரித்ததாகச் சரித்திரம் இல்லை. கூடவே தூக்கம் வழியும் கண்களோடு வெளியூர்ப் பரீட்சகர்.

தந்தி பேசினாள். வாக்கியம் வாக்கியமாக, எழுவாய் பயனிலையோடு, கடிதாசி மாதிரி பேசினாள். தூக்கம் வழிந்த கண்கள்கூடக் கொஞ்சம் திறந்தன.

“ரத்தம் உறையாமலிருக்க மருந்து?” என்றார் சீஃப்.

“தவறாம எடுத்துக்கிறாங்க சார்.”

“கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், இப்படி ஏதாவது எப்பவாவது?”

சொல்லாததையும் கேட்டுவிட்டார்! பாஸக்கா மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல சார்.”

சீஃப் குனிந்து பாஸக்காவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். தலையாட்டினார். வெளியூர்க்காரரும் கேட்டார், அவரும் தலையாட்டினார். “நல்லா சொன்னேம்மா” என்றார். இருவரும் எட்டாம் கட்டிலுக்குப் போனார்கள். அவர்கள் முதுகு திரும்பியதும் பாஸக்கா ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

வெளியே வந்ததும் வார்டு டாக்டர் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் தந்தி நினைத்தாள். வெளியே சோடாபுட்டி காத்திருந்தாள். “பாஸக்காவா? ஏழாம் நம்பரா? அடிச்சேடி லக்கி!” என்று கட்டிக்கொண்டு சுற்றினாள். அப்படியே சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டதும் கண் சொருகியது. ஆறு மாதமாகத் தூங்காத தூக்கம். மாலை நாலு மணிக்கு முகம் கழுவும்போதுதான் சீப்பும் கையும் ஞாபகம் வந்தது. தேர்வு நோயாளிகள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாளைக்கு மீதிப் பிள்ளைகளுக்குத் தேர்வு, பாஸக்கா எப்படியும் வருவாள். கையோடு கூட்டிப்போய்க் காட்டிவிடலாம் என்று எண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு தேர்வுக் கூடத்துக்குப் போனாள். ஏழாம் கட்டிலில் வேறு யாரோ ஒரு முதியவர் படுத்திருந்தார்.

“பாஸக்கா வரலையா?” என்று அங்கிருந்த குமாஸ்தாவைக் கேட்டாள்.

“வந்தாங்க. வாசல்ல பஸ்ஸை விட்டு இறங்கினவங்க அப்படியே சரிஞ்சுட்டாங்களாம். அவசரப் பிரிவுக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. இந்த நேரத்துல ஒரு கட்டில் குறையுதேன்னு நான் தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன், நீ வேற!”

தந்தி ஓடினாள்.

அவசரப் பிரிவில் ஓட்டுநர் உடுப்போடு ஓர் ஆள் சுவரோடு சுவராக நின்றிருந்தார். கையில் ஒற்றைச் செருப்பு, பாஸக்காவுடையது. கேட்காமலே தெரிந்தது அவர்தான் வீட்டுக்காரர் என்று. போகிற வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். தந்தியின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் இவளிடமும் கேட்டார்.

“நேத்து நாள் பூரா இங்கதானே தங்கச்சி இருந்தா? நேத்து காலைலயே பேச்சு குழறிச்சுன்னு பக்கத்து வீட்டுப் பொண்ணு இப்பத்தான் போன்ல சொல்லுது. சுத்தி அத்தனை டாக்டருங்க. ஒருத்தருக்குமா தெரியல? அவளாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? இவ எப்பவும் இப்படித்தான். எதையும் சொல்ல மாட்டா. எல்லாத்தையும் அமுக்கி அமுக்கி வெச்சுக்குவா!”

தந்தி உள்ளே போனாள். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் சீஃபின் குரல் கேட்டது. இளம் மருத்துவர் ஒருவர் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“வலது பக்கம் முழுசா விழுந்துடுச்சு சார். பேச்சு இல்ல. எட்டு இருபதுக்கு ஆரம்பிச்சிருக்கு. ஸ்கேன்ல ரத்தக் கசிவு இல்ல, அடைப்புதான். கரைக்கிற ஊசி போட்டுடலாமா?”

“எப்படிய்யா போடுறது? அவங்க ரத்தம் உறையாத மாத்திரையில இருக்காங்க. அதுக்கு மேல இந்த ஊசியும் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கொட்டிடும். உறையுற நேரம் பாக்க அனுப்பினீங்களே, என்ன ஆச்சு?”

“லேப்ல இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம் சார். வீட்டுக்காரருக்கும் மாத்திரை விவரம் தெரியல. ஒருவேளை மாத்திரையை நிறுத்தியிருந்தாங்கன்னா…”

“நிறுத்தல. நேத்துதான் பரீட்சையில ஒரு பொண்ணு என் முன்னாடி சொன்னா, தவறாம எடுக்கிறாங்கன்னு. நல்லா விசாரிச்சு வெச்சிருந்தா. காத்திருங்க.”

திரையின் இந்தப் பக்கம் தந்தி நின்றாள். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது பத்து.

ஒரு திரைதான். கையை நீட்டினால் விலகிவிடும். ஆனால் நீட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. பரீட்சகர் முன் பொய் சொன்னவள் என்று தெரிந்தபின் எந்தப் பேராசிரியர் தேர்ச்சி போடுவார்? லேப் முடிவு சீக்கிரமே வந்துவிடலாம். அது வந்தால் இவள் சொல்லாமலே எல்லாம் தெரிந்துவிடும். ஐந்து நிமிடத்தில்கூட வரலாம். வரட்டும். தந்தி கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

லேப் முடிவு வரவில்லை. திரைக்கு அப்பால் பாஸக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வார்த்தையாக முயன்று வார்த்தையாகாமல் போன சத்தம்.

தந்தி திரையை விலக்கியபோது மணி ஒன்பது இருபத்திரண்டு.

“மாத்திரை எடுக்கல சார்.”

சீஃப் திரும்பினார்.

“பதினோரு நாளா எடுக்கல. பல்லுக்காக நிறுத்தினாங்க. அட்டை அவங்க பையில இருக்கு, பிரிக்காம. நேத்து காலைல வலது கை அஞ்சு நிமிஷம் வரல. பேச்சும் குழறிச்சு. என்கிட்ட சொன்னாங்க. எழுதினேன். அழிச்சுட்டேன்.”

நர்ஸ் பையைக் கவிழ்த்தாள். சீப்பு, பஸ் சீட்டு, கைக்குட்டை, மாத்திரை அட்டை. எல்லா மாத்திரையும் அப்படியே இருந்தது.

சீஃப் அவளை ஒரு வினாடி பார்த்தார். அதில் கோபம்கூட இல்லை. நேரமில்லை. “ஊசியை எடுங்க. வீட்டுக்காரரை உள்ளே கூப்பிடுங்க” என்று திரும்பிக்கொண்டார்.

ஊசி பாதி வேலை செய்தது. சாயங்காலத்துக்குள் பாஸக்காவின் வலது கால் அசைந்தது. மறுநாள் முழங்காலை மடக்கினாள். கை வரவில்லை. பேச்சு வரவில்லை. எதைக் கேட்டாலும் “அது… அது…” என்று மட்டும் வந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் போட்டிருந்தால் கையும் பேச்சும் வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சோடாபுட்டி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “சொல்ல முடியாதுடி. யாராலயும் சொல்ல முடியாது.”

“பன்னிரண்டு நிமிஷம்” என்றாள் தந்தி.

“என்ன?”

“திரைக்கு வெளிய நின்னேன்.”

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. தேர்ச்சி. பொது மருத்துவம் செய்முறையில் அவளுக்குத்தான் முதலிடம். அறிவிப்புப் பலகை முன்னால் நின்று எண்ணை மூன்று தடவை பார்த்தாள். தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். நேரே சீஃபின் அறைக்குப் போனாள்.

“சார், மார்க்…”

“செவ்வாய்க்கிழமை சாயங்காலமே சீல் வெச்சு அனுப்பியாச்சு” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

“நான் பொய் சொன்னேன் சார். மாத்தணும்.”

“நேத்து பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டேன். சீல் வெச்சுப் போனதை மாத்த முடியாதாம். நான் விசாரணை வைக்கலாம். உன்னை நிறுத்தலாம். அந்தம்மாவைக் கூப்பிட்டு, இவகிட்ட நீ சொன்னியான்னு கேக்கணும். அவங்க என்ன சொல்லுவாங்க?”

அது… அது…

“எட்டு வருஷமா அந்தம்மாவைக் கூப்பிட்டுப் படுக்க வைக்கிறேன்” என்றார் சீஃப். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். “செவ்வாய்க்கிழமை நானும்தான் குனிஞ்சு நெஞ்சைக் கேட்டேன். அவங்க முகம் என்கிட்டேருந்து ஒரு சாண் தூரம். உன்கிட்ட கேட்ட கேள்வியை அவங்ககிட்ட கேட்டிருக்கலாம். கேக்கல. பரீட்சை உனக்குத்தானே.” பேனாவை வைத்துவிட்டு, “போம்மா. திங்கக்கிழமை வேலையில சேரணும் நீ” என்றார்.

வாசலைத் தாண்டியதும் அம்மா தொலைபேசியில் வந்துவிட்டாள். அச்சக இரைச்சலுக்கு மேல் கத்தினாள். “சோடாபுட்டி சொல்லிட்டா! இங்க எல்லாரும் மிஷினை நிறுத்திட்டு நிக்கிறாங்க, ஒரு வார்த்தை பேசு!” யார் யாரோ கை தட்டினார்கள். தந்தி ஒரு வார்த்தைதான் பேசினாள். “அம்மா” என்றாள். அதற்கே அந்தப் பக்கம் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

திங்கட்கிழமை அவளுக்கு விழுந்த முதல் வார்டே பெண்கள் மருத்துவ வார்டு. ஜன்னலோரக் கட்டிலில் பாஸக்கா தலையணையில் சாய்த்து உட்காரவைக்கப்பட்டிருந்தாள். வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வீட்டுக்காரர் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டு, ஊட்டியதில் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டு, இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

“என்கிட்ட சொல்ல வேணாம்னு நெனச்சே, சரி. நான் வேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். அங்க அத்தனை பேர் இருந்தாங்கல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே? கல்யாணமான நாள்லேருந்து இதே பாடு. காய்ச்சல்னா சொல்ல மாட்டே, பசின்னா சொல்ல மாட்டே. இப்ப பாரு, சொல்லணும்னாலும் முடியல.”

பாஸக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அது… அது… அது…” என்றாள் அவசரமாக. தலையை ஆட்டினாள்.

“என்ன அது? கஞ்சி சூடா இருக்கா?”

தந்தியைப் பார்த்ததும் அவர் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். முகம் மலர்ந்தது.

“வா தங்கச்சி! உன்னைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். நர்ஸம்மா சொன்னாங்க. அன்னிக்கு நீ வந்து பையில பிரிக்காத மாத்திரை இருக்குன்னு சொல்லலைன்னா ஊசியே போட்டிருக்க மாட்டாங்களாமே? கால் வந்ததே உன்னாலதான். இவளுக்குப் பேச முடிஞ்சா இவளே சொல்லியிருப்பா. நான் சொல்றேன். நல்லா இருக்கணும் நீ.”

அவர் கும்பிட்டார். இப்படியே தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். அடுத்த கட்டிலில் ஒருத்தி காய்ச்சலோடு காத்திருந்தாள். பாஸக்காவும் எதையும் சொல்லப் போவதில்லை.

“அண்ணே, உக்காருங்க” என்றாள். “அக்கா சொன்னாங்க.”

“என்ன சொன்னா?”

“செவ்வாய்க்கிழமை காலைல கை மரத்துப் போச்சுன்னு அக்கா சொன்னாங்க. பேச்சு குழறிச்சுன்னு சொன்னாங்க. மாத்திரையை விட்டுட்டேன், திரும்ப ஆரம்பிக்கலாமான்னு கேட்டாங்க. என்கிட்டதான் சொன்னாங்க. எனக்குப் பரீட்சை. அதைச் சொன்னா கேள்வி கேப்பாங்கன்னு பயந்து நான் மறைச்சுட்டேன். பரீட்சகர் கேட்டப்பவும் இல்லன்னு சொன்னேன். அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே மருந்து ஆரம்பிச்சிருப்பாங்க. மறுநாள் ஊசி லேட்டானதும் நான் சொன்ன பொய்யாலதான். அதுலயும் பன்னிரண்டு நிமிஷம் நான் திரைக்கு வெளிய சும்மா நின்னேன்.”

இத்தனை நீளமாக அவள் வாழ்க்கையில் பேசியதில்லை.

வீட்டுக்காரர் நின்றபடியே இருந்தார். அடிப்பார் என்று தந்தி நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் இவளைப் பார்க்கவே இல்லை. மெதுவாகக் கட்டில் பக்கம் திரும்பினார்.

“சொன்னியா?” என்றார் மனைவியிடம். “நீ சொன்னியா?”

“அது” என்றாள் பாஸக்கா. கண்ணிலிருந்து நீர் இறங்கியது.

“சொல்லியிருக்கே. அஞ்சு நாளா உன்னைத் திட்டிக்கிட்டே இருக்கேன். நீ தலையைத் தலையை ஆட்டினே. நான் கஞ்சி சூடுன்னு நெனச்சேன்.” அவர் கட்டிலில் உட்கார்ந்து, வராத அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை. “சொல்லியிருக்கேடி நீ. சொல்லாம இருக்கல. நான்தான் தெரியாம…”

தந்தி அங்கேயே நின்றாள். கிண்ணத்துக் கஞ்சியில் ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது. அவள் கரண்டியை எடுக்கக் கை நீட்டினாள்.

“வேணாம்” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. இவள் முகத்தைப் பார்க்காமல், கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“நீங்க போங்க டாக்டர். நான் பாத்துக்கறேன்.”

அடுத்த கட்டிலில் காய்ச்சல்காரி எழுந்து உட்கார்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தந்தி அங்கே போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுத வேண்டிய தாளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணீர் மறைக்கிற கண்களோடு, “சொல்லுங்கம்மா” என்றாள்.